தீர்மானம் போட்டோம், பதில் எங்கே? பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு தாயின் திறந்த மடல்

பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர், இயக்குநர்கள், முதன்மைக் கல்வி அலுவலர்கள், வட்டாரக் கல்வி அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். வீட்டில் தையல் வேலை பார்க்கிறேன். மகள் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இந்த மடலில் நான் புதிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. எஸ்.எம்.சி. எனப்படும் இந்தப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் நாங்கள் போடும் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் 30 நாளுக்குள் எழுத்தில் ஒரு பதில் வர வேண்டும். அவ்வளவுதான். ‘செய்கிறோம்’ என்றாலும் சரி, ‘இப்போது முடியாது, காரணம் இது’ என்றாலும் சரி, ‘இது எங்கள் கையில் இல்லை, இன்ன அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்றாலும் சரி. பதில் வர வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்பும் படிப்பும் இந்தச் சின்ன விஷயத்தில் எவ்வளவு தூரம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை உங்களுக்கு விளக்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும் என்று சொல்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த நிதி எப்படிச் செலவானது என்று பார்ப்பது எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பு. இவ்வளவு இருந்தும் பல ஆண்டுகள் எங்களைப் போன்ற பெற்றோருக்கு அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது. 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளுக்குப் பெற்றோரை ஒரே நாளில் அழைத்தீர்களே, அன்றுதான் எங்கள் ஊரில் பலர் பள்ளிக்குள் உட்கார்ந்து பேசினார்கள். அதுவரை நாங்கள் பள்ளி வாசல் கேட்டோடு சரி. 2024-ல் குழுக்களைத் திரும்ப அமைத்தபோது உறுப்பினர் எண்ணிக்கையை 20-லிருந்து 24 ஆக்கி, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தீர்கள். நல்ல காரியம். கதவைத் திறந்தது நீங்கள்தான். உள்ளே வந்தவர்கள் சொல்வது யார் காதில் விழுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

பெற்றோர் உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மேலே படிக்கும் பெண் பிள்ளைகள் காலையில் வீட்டிலிருந்து கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவருவார்கள். வெயில் காலத்தில்கூட அப்படித்தான். தலைவலி என்பார்கள், நீர்க்கடுப்பு என்பார்கள். ஒரு கூட்டம் முடிந்து ஆசிரியர்கள் போன பிறகு நாங்கள் அம்மாக்கள் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பேச்சுவாக்கில் ஒருத்தி சொன்னாள், தன் மகள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை என்று. அடுத்தவளும் அதையே சொன்னாள். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டோம். பெண்கள் கழிப்பறைக் கதவுகளில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இடைவேளை பத்து நிமிடம். எனவே தண்ணீர் குடிக்காமல் இருப்பதே மேல் என்று அந்தப் பிள்ளைகளே முடிவு செய்திருந்தார்கள்.

பள்ளி ஆய்வுக்கு வந்த எத்தனையோ பேர் அந்தக் கழிப்பறையைப் பார்த்திருப்பார்கள். கழிப்பறை ‘உள்ளது’, தண்ணீர் வசதி ‘உள்ளது’ என்று பதிவேட்டில் இருக்கும். எழுதியதில் பொய் இல்லை. ஆனால் தாழ்ப்பாள் இல்லாததை ஓர் அம்மாவால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமையே ஒரு பிள்ளையின் அப்பா, தச்சு வேலை பார்ப்பவர், ஹார்டுவேர் கடையில் தாழ்ப்பாள் வாங்கிவந்து போட்டுக் கொடுத்துவிட்டார். தலைமை ஆசிரியை நின்று பார்த்துக் கண் கலங்கினார். ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் எழுதுவதாக யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். ஈராசிரியர் பள்ளியில் நாலைந்து வகுப்பைச் சமாளித்துக்கொண்டு, ஆன்லைன் பதிவுகளையும் ஏற்றிக்கொண்டு இருப்பவர்களிடம் இன்னும் எவ்வளவுதான் எதிர்பார்ப்பது?

தாழ்ப்பாள் நாங்களே போட்டுவிட முடிந்தது. சன்ஷேடை எங்களால் என்ன செய்ய முடியும்?

பழைய கட்டடத்தின் ஜன்னல்களுக்கு மேலே இருக்கும் சன்ஷேடில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. கம்பி துருப்பிடித்து உப்பி, இருக்கிற காரையையும் தள்ளிக்கொண்டு வருகிறது. கம்பால் லேசாகத் தட்டினால் கைப்பிடி அளவு சிமென்ட் உதிர்கிறது. அதற்கு நேர் கீழேதான் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வகுப்புக்குள் போகிறார்கள். கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டோம், படம் எடுத்தோம், துறையின் செயலியில் ஏற்றப்பட்டது. அடுத்த மாதம் ‘என்ன ஆச்சு?’ என்றோம். பதில் இல்லை. அதற்கடுத்த கூட்டத்தில் அதே தீர்மானத்தை இன்னொரு முறை எழுதினோம். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனால், ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தது, பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசில் கேளுங்கள் என்றார்கள். பி.டி.ஓ. ஆபீசில், பள்ளிக்கூடத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் எதுவும் வரவில்லையே என்றார்கள். இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு தெருதான்.

இது எங்கள் பள்ளிக்கு மட்டும் உள்ள கதை இல்லை என்று உங்களுக்கே தெரியும். கிராமத்துப் பள்ளியின் பாதுகாப்பு ஒரே துறையின் கையில் இல்லை. ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையிடம், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் பெரிய கட்டட வேலை பொதுப்பணித் துறையிடம், வளாகத்துக்கு மேலே போகும் கம்பி மின்வாரியத்திடம், வாசலில் வேகத்தடை நெடுஞ்சாலைத் துறையிடம், பெட்டிக்கடையில் தொங்கும் பொட்டலங்கள் காவல் துறையிடமும் உணவுப் பாதுகாப்புத் துறையிடமும். கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண் இத்தனை வாசலும் ஏறி இறங்க முடியுமா? ஒரு நாள் போனால் அன்றைய கூலி போச்சு. நாங்கள் போடும் தீர்மானத்தை உரிய துறைக்கு அனுப்பி, அங்கிருந்து பதில் வாங்கி எங்களிடம் சேர்ப்பது உங்கள் பொறுப்பாக இருக்க வேண்டும். ஒரே மாநில அரசின் துறைகள்தானே எல்லாம்?

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்தீர்கள், நிறைய இடித்தீர்கள். அந்த வேகத்தில் எங்கள் வட்டாரத்திலும் சில கட்டடங்கள் போயின. ஆனால் அந்தக் கணக்கெடுப்பை ஒரு சாவுக்குப் பிறகுதான் செய்ய வேண்டுமா? அந்தச் சுவர் ஒரே இரவில் பலவீனமானதாக இருக்காது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் வந்து சொல்வதைக் கேட்பவர்கள் பெற்றோர்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 ஜூலை 16. காசிராமன் தெருப் பள்ளியில் சமையல் கொட்டகையில் கிளம்பிய தீ கீற்றுக்கூரையைப் பிடித்து மாடி வகுப்பறைக்குப் போய் 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. வழக்கின் தீர்ப்பு வரவே 10 ஆண்டுகள் ஆயின. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பெற்றோர் படத்தோடும் பூவோடும் அங்கே வந்து நிற்பதை இந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைப்பவர்களும் உண்டு. எனக்கு ஒவ்வொரு முறையும் மனதில் வருவது ஒன்றுதான்: கூரையின் பக்கத்தில் அடுப்பு எரிந்ததை, பிள்ளையைக் கொண்டுவிட வந்த எத்தனை அம்மாக்கள் பார்த்திருப்பார்கள்! ‘இது ஆபத்து’ என்று அவர்கள் எங்கே போய்ச் சொல்லியிருக்க முடியும்? சொல்லியிருந்தால் யார் எழுதி வைத்திருப்பார்கள்? அந்தத் தீயை முன்வைத்துத்தான் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்று தீர்ப்புச் சொன்னது. பள்ளிகளில் தீயணைப்புக் கருவி வேண்டும், கட்டடம் உறுதியாக இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எங்கள் பள்ளிச் சுவரிலும் ஒரு சிவப்பு சிலிண்டர் தொங்குகிறது. அதை எப்படிப் பிடித்து இழுப்பது என்று சமையல் அக்காவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தீர்மானத்தில் அதையும் எழுதியிருக்கிறோம்.

கும்பகோணத்தைச் சொல்லும்போது தனியார் பள்ளிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21-ஆம் பிரிவு பொருந்தாது. அங்கே பெற்றோருக்கு இருப்பதெல்லாம் கட்டண ரசீதும் வாட்ஸ்அப் குழுவும்தான். அந்தக் குழுவிலும் பல இடங்களில் பள்ளி மட்டும்தான் செய்தி போட முடியும். 2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. மூடி துருப்பிடித்துப் போயிருந்தது. பெற்றோர் நான்கு பேர் மாதம் ஒரு தடவை வளாகத்தைச் சுற்றிவர உரிமை இருந்திருந்தால் அந்த மூடி யார் கண்ணிலாவது பட்டிருக்காதா? மத்தியச் சட்டம் விட்டுவைத்த இடத்தை மாநிலம் நிரப்பலாம். பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பிக்கும்போது, பெற்றோர் குழு ஒன்று வளாகத்தைப் பார்த்துக் கையெழுத்திட்ட அறிக்கை இருந்தால்தான் புதுப்பிப்போம் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கேட்கிறீர்களே, அதோடு இதையும் சேருங்கள்.

சுவரும் கூரையும் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. கண்ணுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. (தேசிய மாணவர் படை) முகாம் ஒன்றில் மாணவிகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமை நினைவிருக்கும். முகாம் உண்மையானதா, நடத்த வந்தவர்கள் யார் என்று யாரும் சரிபார்க்கவில்லை. தெரிந்த பிறகும் மறைக்கப் பார்த்தார்கள் என்று பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. 1098, 14417 என்ற உதவி எண்கள் பள்ளிச் சுவர்களிலும் பாடப்புத்தகங்களிலும் இருக்கின்றன. ஆனால் ஒரு பிள்ளைக்கு அப்படி ஒன்று நேர்ந்தால் ஊரில் முதலில் வரும் பேச்சு ‘வெளியே தெரிஞ்சா பொண்ணுக்குத்தான் கெட்ட பேரு’ என்பது. பஞ்சாயத்து பேசி முடிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. இந்த இடத்தில் தவறு எங்கள் பக்கம், ஊர் பக்கம் நிறைய இருக்கிறது. அதை மாற்ற வேண்டியவர்களும் நாங்களே. எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: இரவு தங்கும் முகாம், சுற்றுலா, வெளியாள் வந்து நடத்தும் பயிற்சி எதுவானாலும் தேதிக்கு முன்பே கூட்டத்தில் சொல்ல வேண்டும், கூட இரண்டு அம்மாக்கள் போக வேண்டும். இதற்கு யாரிடமும் அனுமதி வாங்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. இதை நீங்கள் எல்லாப் பள்ளிக்கும் விதியாகவே ஆக்கிவிட்டால், தனியார் பள்ளி அம்மாக்களும் கேட்க முடியும்.

வாசலில் இருக்கும் கடை விஷயமும் அப்படித்தான். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். ‘கூல் லிப்’ என்ற புகையிலைப் பொட்டலத்தை ஏழாம் வகுப்புப் பையன் உதட்டுக்குள் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பதை ஆசிரியர் கண்டுபிடிப்பது கடினம். வாயில் எதுவும் தெரியாது. பையன் மந்தமாக இருப்பான், அவ்வளவுதான். எந்தக் கடையில் கேட்டால் கிடைக்கும், எந்த டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். எங்கள் பகுதியில் சுயஉதவிக் குழுப் பெண்கள் கூட்டமாகப் போய்க் கடைக்காரரிடம் பேசினோம். அவரும் ஒரு தகப்பன்தான். இரண்டு வாரம் நின்றது. பிறகு வேறு கடையில் தொடங்கியது. காவல் நிலையத்துக்கு எழுதிய தீர்மானத்துக்குப் பதில் வந்திருந்தால் அது தொடங்கியிருக்காது என்று நம்புகிறேன்.

படிப்புக்கு வருகிறேன். பிள்ளை நன்றாகப் படிக்க அம்மா அப்பா படித்திருக்க வேண்டும் என்று ஓர் எண்ணம் எங்களிடமும் இருக்கிறது, உங்களிடமும் கொஞ்சம் இருக்கிறது. ‘அவங்களுக்கு எழுதப் படிக்கவே தெரியாது, கூட்டத்தில என்ன சொல்லப்போறாங்க’ என்று ஓர் அலுவலர் சொல்ல என் காதால் கேட்டிருக்கிறேன். எங்கள் குழுவில் அதிகம் சாதித்தவர் கையெழுத்தை மட்டும் எழுதத் தெரிந்த ஒரு பாட்டி. பேரனின் பாதுகாவலராக உறுப்பினரானவர். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் யார் ஒன்பதில் சேரவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுவந்தவர் அவர்தான். எமிஸ் என்ற துறையின் ஆன்லைன் மாணவர் பதிவில் ‘மாற்றுச் சான்றிதழ் பெற்றார்’ என்று இருக்கும். பாட்டிக்குத்தான் தெரியும், அந்தப் பெண் திருப்பூருக்குப் போய்விட்டாள், இந்தப் பையன் செங்கல் சூளையில் இருக்கிறான் என்று.

அதில் மூன்று பெண் பிள்ளைகளின் காரணம் ஒன்றாகவே இருந்தது. உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில். டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வருவது பள்ளி மணி அடித்த பிறகு. முந்தைய பஸ் விடிகாலையில். மாலையில் இருட்டிய பிறகுதான் திரும்ப முடியும். வயசுக்கு வந்த பிள்ளையை எப்படி அனுப்புவது என்று தகப்பன்மார் நிறுத்திவிட்டார்கள். உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லிருந்து இருக்கிறது. ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கே பஸ் இல்லாதவளுக்கு அது எட்டாத உயரம். பாட்டியும் நாங்களும் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரைப் போய்ப் பார்த்தோம். அவர் நேரப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எங்கள் முன்னாலேயே ஓட்டுநர் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசினார். மணி அடித்த பிறகு வரும் அந்த நடையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் போதும் என்று தெரிந்தது. அடுத்த வாரம் நகர்த்தினார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் திரும்பச் சேர்ந்துவிட்டார்கள். ஓர் அலுவலர் பதில் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அந்தப் பாட்டியைக் கூட்டத்துக்கு வரவழைக்க நாங்கள் பட்ட பாட்டையும் எழுத வேண்டும். கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. நடவு நாளில், களை எடுக்கிற நாளில் மூன்று மணிக்கு யார் வருவார்கள்? நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் பாதியில் கிளம்பினால் ஆப்சென்ட். எனவே கூட்டத்துக்கு வருவது வீட்டில் இருக்கக்கூடியவர்கள் மட்டும். பெரும்பாலும் மேலத்தெரு. சட்டம் நலிந்த பிரிவுக்கு இடம் கொடுத்திருக்கிறது, ஆனால் கூட்ட நேரமே அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. வெள்ளிக்கிழமை வேண்டுமானால் இருக்கட்டும், மாலை ஆறு மணிக்கு வையுங்கள். ஆசிரியர்களுக்கு அன்று வேறு விதத்தில் நேரத்தை ஈடுகட்டுங்கள். அவர்களும் தொலைவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள்.

தெரு என்றதும் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஊர் பள்ளிக்குள் வந்தால் எல்லாம் நல்லதாகவே நடந்துவிடாது. ஊர் தன் சாதியையும் கூடவே கொண்டுவரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில், பட்டியலினப் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று பெற்றோரே தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே நேரில் போய் அந்தப் பள்ளியில் சாப்பிட வேண்டியிருந்தது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. கையில் கயிறு கட்டி அனுப்புவது பள்ளி இல்லையே, வீடுதானே. அந்தக் கயிற்றைப் பற்றி ஓர் ஆசிரியர் பையனிடம் கேட்டால் மறுநாள் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். அதே கேள்வியை எஸ்.எம்.சி.யில் இரண்டு தெரு அம்மாக்களும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டால் அப்படி நிற்க முடியாது. அதனால்தான் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் வெறும் பட்டியலாகப் பார்க்கக்கூடாது என்கிறேன். மேலத்தெரு, காலனி இரண்டும் கூட்டத்துக்கு வருகிறதா என்று வருகைப் பதிவைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்துகொண்டிருந்தால் ஏன் என்று நேரில் வந்து கேளுங்கள்.

ஊரும் துறையும் சேர்ந்து வேலை செய்தது இந்த மண்ணில் புதிதும் இல்லை. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராக நடந்தது. மக்கள் பெஞ்சு கொடுத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள், வகுப்பறை கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் பள்ளியின் பழைய பீரோ ஒன்றின் கதவில் கொடுத்தவர் பெயர் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. இப்போதும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று 2022 டிசம்பரிலிருந்து நன்கொடை கேட்கிறீர்கள். கொடுக்க ஆள் இருக்கிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்களே அனுப்புவார்கள். ஆனால் அன்று நடந்த மாநாட்டில் இயக்குநரே மேடையில் இருந்தார். பள்ளிக்கு என்ன தேவை என்று முதலில் பட்டியல் போட்டார்கள், கொடுத்ததை எல்லார் முன்பும் வாங்கிக்கொண்டார்கள். கொடுக்கிற கைக்கும் வாங்குகிற கைக்கும் நடுவில் ஒரு முகம் இருந்தது. இன்று எங்கள் தீர்மானம் செயலிக்குள் போகிறது. அதன் மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எனவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு வட்டாரத்திலும் எஸ்.எம்.சி. தீர்மானங்களுக்கென்று ஓர் அலுவலரைப் பொறுப்பாக்குங்கள். அவர் பெயரும் போன் நம்பரும் பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். தீர்மானம் ஏறிய 30 நாளுக்குள் அவர் பதில் எழுத வேண்டும். வேறு துறை சம்பந்தப்பட்டதென்றால் அந்தத் துறையின் பதிலையும் அவரே வாங்கித் தர வேண்டும். பதிலை அடுத்த கூட்டத்தில் தலைமை ஆசிரியர் எல்லார் முன்பும் வாசிக்க வேண்டும். கட்டட உறுதிச் சான்றின் நகலும் அதே பலகையில் ஒட்டப்பட வேண்டும், எந்த அறை எந்த நிலையில் இருக்கிறது என்று தமிழில், எங்களுக்குப் புரிகிற சொற்களில். ‘பணம் இல்லை, அடுத்த ஆண்டுதான்’ என்று பதில் வந்தாலும் பரவாயில்லை. அப்படித் தெரிந்தால் அந்த வாசலில் கயிறு கட்டிப் பிள்ளைகளை வேறு வழியாக அனுப்பிக்கொள்வோம். பதிலே இல்லாதபோதுதான் ஆட்கள் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். 2022-ல் அறை நிறைய வந்த பெற்றோரில் எத்தனை பேர் இன்றும் வருகிறார்கள் என்று எந்தத் தலைமை ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். ‘போய் என்ன ஆகப்போகுது’ என்று வீட்டில் இருப்பவர்களை, ‘போன தடவை சொன்னது நடந்துச்சே’ என்று சொல்லித்தான் என்னால் அழைத்துவர முடியும். வேறு எதைச் சொல்லியும் முடியவில்லை.

எங்கள் பள்ளியில் இப்போது பதிலுக்குக் காத்திருக்கும் தீர்மானங்கள்: பழைய கட்டடத்து சன்ஷேடு, சமையலறையில் தீயணைப்புக் கருவிப் பயிற்சி, சாலையில் வேகத்தடை, வாசல் கடை. மாவட்ட அலுவலகம் கேட்டால் தீர்மான நகல்களைத் தேதியோடு அனுப்பி வைக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு ஒன்றியப் பொறியாளர் ஒருவரை அனுப்புங்கள். ஏணியும் கம்பும் நாங்கள் தயாராக வைத்திருப்போம். ஜன்னலுக்கு மேலே அவர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறாரோ அதை அங்கேயே நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.